யசுவந்தபுரத்துக் காசும் அகுஸ்துராயனும்

யசுவந்தபுரம் இரயில் நிலையத்தை அறியாத தமிழ்க் குடும்பம் பெங்களூரில் அரிது. விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படுவோரும், ஊரிலிருந்து மூட்டை முடிச்சுகளோடு வந்து இறங்குவோரும் அந்நிலையத்தின் மேடைகளை மிதித்தவர்களே. அவ்வட்டாரத்து மண்ணிலிருந்து 1891-ஆம் ஆண்டில் ரோமாபுரியின் வெள்ளிக் காசுகள் வெளிப்பட்டன என்பதை நம்மில் பலர் அறியோம். பின்னர் 1965-இல் நம்மவர் பலர் பணிபுரிந்த ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையை அடுத்த நிலத்தில் மற்றொரு புதையல் கிடைத்தது. அகஸ்டஸ், டைபீரியஸ், கிளாடியஸ் என்னும் ரோமப் பேரரசர்களின் காசுகள் இவ்வாறு நம் நகரத்து மண்ணிலேயே புதைந்து கிடந்தன.

அம்மூவருள் முதல்வனாகிய அகஸ்டஸின் வரலாற்றையே இங்குச் சொல்லப் புகுகின்றோம். அவன் பெயர் நமக்குப் புதிதன்று. ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் நாளில் விவிலியம் படிக்கும் தமிழ் இல்லங்களில் அவன் அகுஸ்துராயன். குடிமதிப்பு எழுத ஆணை பிறப்பித்தவன். ஏனைய இல்லங்களிலும் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் எட்டாம் மாதத்தின் பெயராய் நிற்பவன் அவனே. தென்னாட்டில் கிடைக்கும் அவன் காசுகளுள் மிகுதியாகக் காணப்படும் வகை ஒன்று உண்டு. ஒருபுறம் வாகை சூடிய அவன் தலை. மறுபுறம் இரண்டு இளைஞர்கள் நிற்க, அவர்களுக்கிடையே கேடயங்கள் இரண்டும் ஈட்டிகள் இரண்டும் உள்ளன. அவ்விளைஞர் யாவர் என்பதைப் பின்னர்க் காண்போம். அகஸ்டஸ் தன் வாழ்வில் விரும்பிப் பெறாத ஒன்று அவ்விருவரில்தான் அடங்கியிருக்கிறது.

ரோமர் பழங்காலத்தில் தம் அரசரைத் துரத்தியவர்கள். அது கி.மு. 509-இல் நிகழ்ந்தது என்பது அவர்கள் மரபு. அன்று முதல் மன்னன் என்ற சொல்லே அவர்களுக்கு நஞ்சாயிற்று. ஆண்டுக்கு இருவராகக் கான்சல் என்னும் தலைவர்களைத் தேர்ந்தெடுத்தனர். ஒருவர் செய்வதை மற்றவர் தடுக்கலாம். ஆண்டு முடிந்ததும் இருவரும் இறங்கியாக வேண்டும். உயர்குடியினர் அமர்ந்த செனட் என்னும் மூதவை வழிகாட்டிற்று. எளிய மக்களைக் காக்கத் திரிபியூன் என்போர் இருந்தனர். ஒரு சிறு நகரத்துக்கு ஏற்ற இவ்வேற்பாடு, நடுநிலக் கடலைச் சூழ்ந்த நாடுகளையெல்லாம் ரோமர் வென்றபின் தாங்கவில்லை. போர்க்களங்களிலிருந்து அடிமைகள் பல்லாயிரவராய் வந்து குவிந்தனர். செல்வர் தம் பெருநிலங்களை அவர்களைக் கொண்டு உழுவித்தனர். உழுதுண்டு வாழ்ந்த சிறுகுடியானவன் நிலமிழந்து நகரம் புகுந்தான்; அன்றேல் படையிற் சேர்ந்தான். படையிலிருந்து விலகும் வீரனுக்கு நிலம் தரும் ஒழுங்கு அரசிடம் இல்லாமையால், அவன் தன் தளபதியின் கையையே நோக்கி நின்றான். தளபதிக்கு உண்மையாயிருந்தவன் நாட்டுக்கும் உண்மையாயிருந்தான் என்று சொல்வதற்கில்லை. குடியரசை அரித்த புண் இதுவே.

இந்நிலையில் கி.மு. 63-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 23-ஆம் நாள் கையஸ் ஆக்டேவியஸ் என்னும் குழந்தை ரோமில் பிறந்தது. தந்தையின் குடும்பம் வெலிட்ரி என்னும் சிற்றூரைச் சேர்ந்தது. வசதி இருந்தது, பழம்பெருமை இல்லை. தந்தை மகனின் நான்காம் வயதிலேயே இறந்தார். தாய் அட்டியாவின் வழியில்தான் பெருமை வந்தது. அவளுக்கு அம்மான் ஜூலியஸ் சீஸர். பாட்டி ஜூலியா மறைந்தபோது, ஏறத்தாழப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஊர் நடுவே நின்று இரங்கலுரை ஆற்றினான். உடல் வலிமையற்றவன், அடிக்கடி நோயுறுபவன், ஆயினும் எண்ணியதை வெளிக்காட்டாதவன்.

கி.மு. 44 மார்ச்சு 15-இல் சீஸர் செனட் மண்டபத்தில் குத்திக் கொல்லப்பட்டான். அப்போது அவ்விளைஞன் கடலுக்கு அப்பால் அப்பலோனியாவில் கல்வி பயின்று கொண்டிருந்தான். இறந்தவனுடைய மரண சாசனத்தில் அவனே மகனாகத் தத்தெடுக்கப்பட்டிருந்தான் என்ற செய்தி எட்டியது. ஏற்க வேண்டா என்று வீட்டார் தடுத்தனர். பதினெட்டு வயதுப் பிள்ளை, சீஸரின் கொலையாளிகளும் சீஸரின் தளபதி மார்க் ஆண்டனியும் நிறைந்த நகரத்துக்குள் நுழைவது புலிக்குகையில் புகுவதேயன்றோ? எனினும் அவன் வந்தான். நகரத்தார் ஒவ்வொருவருக்கும் 300 செஸ்டர்ஸ் வழங்குமாறு சீஸர் எழுதி வைத்திருந்தான். பணத்தை ஆண்டனி கொடுக்க மறுக்கவே, இவன் தன் சொத்துகளை விற்று வழங்கினான். அன்றே மக்கள் மனத்தில் சீஸரின் மகனாகிவிட்டான். வரலாற்றாசிரியர் இப்பருவத்தில் அவனை ஆக்டேவியன் என்று குறிப்பர்.

இதன்பின் வருவது அவன் வரலாற்றில் இருண்ட பகுதி. இதனை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. பெரும் நாவலரும் குடியரசின் காவலருமான சிசரோ, ஆண்டனியை அடக்க இவ்விளைஞனைக் கருவியாகக் கொள்ளலாம் என்று எண்ணிச் செனட்டில் இவனுக்காக வாதாடினார். கருவி கைமாறிற்று. கி.மு. 43-இல் படையோடு ரோமுக்குள் புகுந்து, இருபது வயது நிரம்புமுன்பே கான்சல் பதவியைப் பெற்ற ஆக்டேவியன், அவ்வாண்டின் இறுதியில் அதே ஆண்டனியோடும் லெபிடஸ் என்பவனோடும் உடன்பாடு செய்து கொண்டான். மூவரும் கொல்லப்பட வேண்டியவர்களின் பட்டியலை எழுதி ஊர் நடுவே ஒட்டினர். செனட்டர் ஏறத்தாழ 300 பேரும் அடுத்த வகுப்புச் செல்வர் 2,000 பேரும் அதில் அடங்குவர் என அப்பியன் எழுதியுள்ளார். காட்டிக் கொடுத்தவனுக்குப் பரிசு. அடிமை காட்டிக் கொடுத்தால் விடுதலையும் உண்டு. சிசரோவின் பெயரும் பட்டியலில் ஏறிற்று. அவர் தலையை வெட்டி, அவர் பேசிப் புகழ்பெற்ற மேடையிலேயே வைத்தனர். நன்றி கொன்ற இச்செயலுக்குப் பின்னாளில் அவன் செய்த நன்மைகள் ஈடாகுமா என்பதைப் படிப்பவர்கள் தாமே தீர்மானித்துக் கொள்ளலாம். நம்மால் ஈடென்று சொல்ல முடியவில்லை.

அடுத்த ஆண்டு பிலிப்பிப் போரில் சீஸரைக் கொன்ற புரூட்டஸும் காசியஸும் மாண்டனர். வென்ற வீரர்களுக்கு நிலம் தருவதற்காக இத்தாலியின் பல ஊர்களில் குடியானவர்கள் தம் வயல்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். லெபிடஸ் விரைவில் ஒதுக்கப்பட்டான். மேற்கு ஆக்டேவியனுக்கும் கிழக்கு ஆண்டனிக்குமாய் உலகம் பிரிந்தது. ஆண்டனி எகிப்தின் அரசி கிளியோபாத்ராவோடு கூடி வாழ்ந்த கதையை யாவரும் அறிவர். கி.மு. 31 செப்டம்பர் 2-ஆம் நாள் ஆக்டியம் கடற்போரில் ஆக்டேவியன் வென்றான். வென்றவன் அவன் என்பதைவிட அவன் இளமைத் தோழன் அக்ரிப்பா வென்று தந்தான் என்பதே பொருந்தும். மறு ஆண்டு ஆகஸ்டில் அலெக்சாந்திரியா வீழ்ந்தது. ஆண்டனியும் கிளியோபாத்ராவும் தம்மைத் தாமே மாய்த்துக் கொண்டனர். எகிப்தின் கருவூலம் ரோமுக்கு வந்தபோது, அங்கே கடன் வட்டி நூற்றுக்குப் பன்னிரண்டிலிருந்து நான்காக இறங்கியதாம்.

இப்போது அவனுக்கு வயது முப்பத்து மூன்று. எதிர்க்க ஒருவரும் இல்லை. சீஸர் இந்த உச்சியில் நின்றபோது வாழ்நாள் சர்வாதிகாரி என்ற பெயரை ஏற்றான், கத்தியால் மாண்டான். மகன் அப்பாடத்தை மறக்கவில்லை. கி.மு. 27 சனவரியில் செனட்டில் எழுந்து, தன் அதிகாரங்கள் அனைத்தையும் திரும்ப ஒப்படைப்பதாக அறிவித்தான். சபையார் திகைத்தனர், சிலர் முன்னமே அறிந்திருந்தனர். துறக்க வேண்டா என்று வேண்டினர். அவனும் இணங்கினான்! அமைதியான மாகாணங்களைச் செனட்டுக்கு விட்டு, ஸ்பெயின், கால், சிரியா முதலிய எல்லை மாகாணங்களைத் தான் ஏற்றான். படைகள் பெரும்பாலும் இருந்தவை அந்த எல்லை மாகாணங்களிலேயே. சனவரி 16-இல் அகஸ்டஸ், அதாவது வணக்கத்திற்குரியவன், என்ற பட்டம் அளிக்கப்பட்டது. கி.மு. 23-இல் கான்சல் பதவியையும் விட்டான். அதற்கு ஈடாகத் திரிபியூனின் அதிகாரத்தைப் பெற்றான். எளியோரைக் காக்க எழுந்த பதவி, எல்லோரையும் தடுக்கும் உரிமையாய் ஒருவன் கையில் அமர்ந்தது.

பெயர்கள் எல்லாம் அப்படியே இருந்தன. கான்சல்கள் இருந்தனர், செனட் கூடிற்று, தேர்தலும் நடந்தது. உள்ளிருந்த உயிர் மட்டும் இடம் மாறிவிட்டது. மக்கள் இதனை அறியாமல் ஏமாந்தனர் என்று எண்ணுதல் தவறு. கி.மு. 22-இல் வெள்ளமும் பஞ்சமும் வந்தபோது, அவனே சர்வாதிகாரியாக வேண்டுமென மக்கள் செனட்டைச் சூழ்ந்து கூச்சலிட்டனர். அவன் தன் மேலாடையைக் கிழித்துக் கொண்டு மறுத்தான். தானியம் வழங்கும் பொறுப்பை மட்டும் ஏற்றான். ஒரு தலைமுறைக் காலம் தமக்குள்ளேயே வெட்டிக்கொண்டு மடிந்தவர்களுக்கு உரிமையைவிட உறக்கம் பெரிதாய்த் தோன்றியது. போர் இல்லாத காலத்தில் மட்டுமே மூடப்படும் ஜேனஸ் கோயிலின் கதவுகள், நகரம் தோன்றிய நாள் முதல் அவன் பிறக்கும் வரை இருமுறையே மூடப்பட்டன. அவன் காலத்தில் மும்முறை மூடப்பட்டன.

அவன் செய்த நன்மைகளையும் சொல்ல வேண்டும். அறுபது அளவில் இருந்த படைப்பிரிவுகளை இருபத்தெட்டாகக் குறைத்தான். வீரனுக்கு ஆண்டுக்கு 225 தெனாரியஸ் ஊதியம். யசுவந்தபுரத்தில் கிடைத்தவை அத்தகைய வெள்ளித் தெனாரியஸ் காசுகளே. ஒவ்வொன்றும் நான்கு கிராமுக்குச் சற்றுக் குறைந்த எடை. கி.பி. 6-இல் தனிக் கருவூலம் ஒன்றை நிறுவி, இருபதாண்டு பணி முடித்த வீரனுக்கு 3,000 தெனாரியஸ் கிடைக்க வழி செய்தான். அதற்காகச் செல்வர் பெறும் பரம்பரைச் சொத்தில் இருபதில் ஒரு பங்கு வரி விதித்தான்; செல்வர் முணுமுணுத்தனர், அவன் பொருட்படுத்தவில்லை. வீரன் தளபதியின் கையை நோக்கி நின்ற பழைய புண் இவ்வாறு ஆறிற்று. அதே ஆண்டில் விடுதலை பெற்ற அடிமைகளைக் கொண்டு ஏழு தீயணைப்புப் பிரிவுகளை அமைத்தான். ரோமில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேருக்கு இலவசத் தானியம் வழங்கப்பட்டது. ஒரே ஆண்டில் 82 கோயில்களைப் புதுப்பித்தான். குடிமக்கள் தொகையைத் தன் வாழ்நாளில் மும்முறை எண்ணுவித்தான், கி.மு. 28-இல் 40,63,000 ஆயிருந்தது கி.பி. 14-இல் 49,37,000 ஆயிற்று.

அடிமைகள் செய்தியில் அவன் மனம் இரண்டுபட்டிருந்தது. வேடியஸ் பொல்லியோ என்னும் செல்வனின் விருந்தில் அகஸ்டஸ் அமர்ந்திருந்தபோது, ஓர் அடிமை பளிங்குக் கிண்ணத்தைத் தவறவிட்டு உடைத்தான். அவனைக் குளத்து மீன்களுக்கு இரையாக எறியுமாறு பொல்லியோ ஆணையிட்டான். அகஸ்டஸ் அவ்வடிமையை விடுவித்து, வீட்டிலிருந்த மற்றக் கிண்ணங்கள் அனைத்தையும் தன் கண்முன்னே உடைக்கச் செய்து, குளத்தையும் தூர்த்தான் என்பர். கேட்க இனிய கதை. ஆனால் உள்நாட்டுப் போரில் ஓடிப்போய் எதிரணியில் சேர்ந்த அடிமைகள் ஏறத்தாழ 30,000 பேரைப் பிடித்துத் தண்டனைக்காக உரிமையாளரிடம் ஒப்படைத்ததைத் தன் சாதனைகளுள் ஒன்றாக அவனே எழுதி வைத்தான்.

இனி நம் நாட்டோடு அவனுக்கிருந்த தொடர்புக்கு வருவோம். எகிப்து ரோமரின் கைக்கு வந்தபின் செங்கடல் வழி திறந்தது. அவன் காலத்தவரான ஸ்டிராபோ, மயோஸ் ஹார்மோஸ் என்னும் துறைமுகத்திலிருந்து 120 கப்பல்கள் இந்தியாவுக்குச் செல்வதைத் தாம் கேட்டறிந்ததாகக் குறித்துள்ளார். முன்பு சென்றவை மிகச் சிலவே. தென்மேற்குப் பருவக்காற்றில் வந்த அக்கலங்கள் முசிறியில் பொன்னைக் கொடுத்து மிளகை ஏற்றிச் சென்ற காட்சியை அகநானூறு காட்டுகிறது. இந்திய மன்னர்களின் தூதுவர் பலமுறை தன்னிடம் வந்தனர் என்று அகஸ்டஸே பெருமையோடு குறித்தான். அவ்வாறு தூது அனுப்பியவருள் பாண்டியன் பெயரும் ஸ்டிராபோவின் நூலில் காணப்படுகிறது. போரஸ் என்பாரும் உளர் என அவரே சேர்த்துக் கூறுகிறார். முசிறிக்கு அருகே அகஸ்டஸுக்கு ஒரு கோயில் இருந்ததாகப் பழைய ரோம நிலப்படம் ஒன்று காட்டுகிறது. புதுவையை அடுத்த அரிக்கமேட்டில் 1945-இல் அகழ்ந்தபோது, அக்காலத்து இத்தாலியச் செம்மண் கலங்களின் ஓடுகள் கிடைத்தன. கோவையை அடுத்த வெள்ளலூரிலும், கன்னட நாட்டில் சித்திரதுர்க்கத்தின் சந்திரவள்ளியிலும் ரோமக் காசுகள் கிடைத்துள்ளன. கடற்கரையில் இறங்கிய வெள்ளி கொங்கு நாட்டையும் கடந்து மேட்டுநிலம் ஏறியது என்பதற்கு யசுவந்தபுரம் சான்று.

உலகை ஒழுங்குபடுத்தியவன் தன் வீட்டையும் உலகுக்கு முன்மாதிரியாக்க விரும்பினான். பாலட்டைன் குன்றில் எளிய வீடு. நாற்பதாண்டு ஒரே படுக்கையறை. வீட்டுப் பெண்கள் நெய்த ஆடை. முரட்டு ரொட்டி, சிறு மீன், பாலாடைக்கட்டி, அத்திப்பழம் இவையே உணவு. கி.மு. 18-இல் திருமணச் சட்டங்கள் பிறந்தன. மணமாகாத ஆடவரும் பெண்டிரும் சொத்துரிமையில் குறைவுற்றனர். மூன்று பிள்ளைகளைப் பெற்றவர்க்குச் சலுகை கிடைத்தது. பிறன்மனை நயத்தல் வீட்டுக் குற்றமாயிருந்தது போய் நாட்டுக் குற்றமாயிற்று. இச்சட்டத்தைக் கடுமையாக்கிக் கி.பி. 9-இல் மற்றொரு சட்டம் வந்தபோது, அதற்குத் தம் பெயரளித்த கான்சல்கள் இருவருமே மணமாகாதவர்கள்! சட்டமியற்றியவனும் இளமையில், பிறன் மனைவியாய்க் கருவுற்றிருந்த லிவியாவை அவள் கணவனிடமிருந்து பிரித்து மணந்தவனே. லிவியாவோடு ஐம்பதாண்டு வாழ்ந்தும் பிள்ளை நிலைக்கவில்லை.

முதல் மனைவியரில் ஒருத்தியான ஸ்கிரிபோனியா பெற்ற ஜூலியா ஒருத்தியே அவன் குழந்தை. அவளை அவன் நேசித்தான் என்பதில் ஐயமில்லை. ஆயினும் சதுரங்கக் காய்போல நகர்த்தினான். பதினான்கு வயதில் தன் தமக்கை மகன் மார்செல்லஸுக்கு மணமுடித்தான், அவன் இறந்தான். பின்னர்த் தன் வயதொத்த தோழன் அக்ரிப்பாவுக்குக் கொடுத்தான்; ஐந்து பிள்ளைகள் பிறந்தன; கி.மு. 12-இல் அவனும் இறந்தான். மூன்றாவதாக லிவியாவின் மகன் டைபீரியஸுக்குக் கொடுத்தான். டைபீரியஸ் தான் விரும்பி வாழ்ந்த மனைவியை இதற்காகத் துறக்க வேண்டியதாயிற்று, அம்மணம் கசந்தது, அவன் ரோட்ஸ் தீவுக்கு ஒதுங்கிப் போனான். மூன்று மணங்களில் ஒன்றிலேனும் ஜூலியாவின் விருப்பத்தைக் கேட்டார் என்பதற்குச் சான்றில்லை.

கி.மு. 2-ஆம் ஆண்டு பிப்ரவரியில் செனட்டும் மக்களும் அகஸ்டஸுக்கு நாட்டின் தந்தை என்னும் பட்டத்தைச் சூட்டினர். அதே ஆண்டில் அவன் மகள்மீது பலரோடு தகாத உறவு கொண்டாள் என்ற குற்றம் எழுந்தது. குற்றஞ்சாட்டப்பட்ட ஆடவருள் ஒருவன் மாண்ட ஆண்டனியின் மகன். அரசியல் சதியும் அதில் கலந்திருக்கலாம் என்பார் உளர். தந்தை செனட்டுக்கு நேரில் வரக் கூசி, செய்தியை எழுதியனுப்பினான். தானே இயற்றிய சட்டத்தின்படி மகளைப் பண்டடேரியா என்னும் சிறு தீவுக்கு நாடு கடத்தினான். அங்கே அவளுக்கு மது மறுக்கப்பட்டது. அவன் இசைவின்றி ஆடவர் எவரும் அவளைக் காண இயலாது. ஏறத்தாழ நாற்பதாண்டுக்கு முன் அவன் விலக்கிய மனைவி ஸ்கிரிபோனியா, கேட்பாரின்றித் தானே முன்வந்து மகளோடு தீவுக்குச் சென்றாள். இவ்வரலாற்றில் நம் மனத்தில் நிற்கும் தாய் அவளே. ஐந்தாண்டுக்குப் பின் ஜூலியா தரையிலுள்ள ரீஜியம் நகருக்கு மாற்றப்பட்டாள். ரோமுக்குத் திரும்ப விடவில்லை. மக்கள் மன்றாடியும் தந்தை இளகவில்லை.

காசில் நிற்கும் இளைஞர் இருவர் யாவரெனில், ஜூலியா பெற்ற கையஸும் லூசியஸும் ஆவர். பாட்டன் அவர்களைத் தன் மக்களாகத் தத்தெடுத்து, தானே எழுத்துக் கற்பித்து, இளைஞர் தலைவர்கள் என்ற பட்டமும் அளித்து வாரிசுகளாய் உலகுக்கு அறிவித்தான். அந்த அறிவிப்பே, இன்றைய பிரான்சின் லியோன் நகரத்து அக்கசாலையில், தாய் நாடு கடத்தப்பட்ட ஆண்டை ஒட்டி வெள்ளியில் பொறிக்கப்படலாயிற்று. கி.பி. 2-இல் லூசியஸ் மார்செயில் நோயால் இறந்தான். பதினெட்டுத் திங்களில், கிழக்கே போர்ப்புண் பட்ட கையஸும் திரும்பும் வழியில் லிசியாவில் மாண்டான். அறுபத்தைந்து வயதுக் கிழவன், தான் ஒருகாலும் விரும்பாத டைபீரியஸை மகனாக ஏற்றான். கி.பி. 9-இல் ஜெர்மானியக் காடுகளில் மூன்று படைப்பிரிவுகள் முற்றும் அழிந்த செய்தி வந்தபோது, பல திங்கள் தலைமயிரும் தாடியும் களையாதிருந்தான் என்பர்.

கி.பி. 14 ஆகஸ்டு 19-இல், தன் பெயர் பூண்ட திங்களிலேயே, நோலா என்னும் ஊரில், தந்தை உயிர்விட்ட அதே அறையில் அவன் இறந்தான். எழுபத்தாறு நிறைய ஒரு திங்களே குறை. செனட் அவனைத் தெய்வமாக்கியது. தன் செயல்களைத் தானே எழுதி, கல்லறை வாயிலில் வெண்கலத் தகடுகளில் பொறிக்குமாறு பணித்திருந்தான். நம் சோழ மன்னர்கள் கோயிற் சுவர்களில் வெட்டுவித்த மெய்க்கீர்த்தி போன்றதே அது. வெண்கலம் மறைந்தது, அதன் படி இன்றைய துருக்கியின் அங்காராவில் ஒரு கோயிற் சுவரில் எஞ்சியிருக்கிறது. பேரர் இருவரின் பெயரும் அதில் உண்டு. மகளின் பெயர் இல்லை. அவளைத் தன் கல்லறையில் வைக்கலாகாதென்றும் அவன் தடை விதித்திருந்தான். அவன் இறந்த அதே ஆண்டில் அவளும் ரீஜியத்தில் உயிர் நீத்தாள்.

அவள் பிள்ளைகள் பொறித்த காசு மட்டும் நம் நாட்டில் நெடுநாள் வழங்கிற்று. நம் நாட்டுத் தட்டாரும் அதனைப் பார்த்துத் தாமே காசு அடித்தனர். அத்தகைய போலிகள் தென்னாட்டுப் புதையல்களில் கிடைத்துள்ளன. அவற்றில் இலத்தீன் எழுத்துகள் சிதைந்து வெறும் கோடுகளாகிவிட்டன. இளைஞர் இருவரும் கேடயங்களைப் பற்றியவாறு அப்படியே நிற்கின்றனர்.